கால்வாசித் துளி

"கதவை மூடுங்க. கொஞ்சம் மூச்சு விடாம நில்லுங்க." அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெங்களூரின் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஜன்னலே இல்லாத கீழ்த்தள அறை அது. ஏசியை அணைத்திருந்தார், மின்விசிறியை அணைத்திருந்தார். பெரிய வெள்ளை விளக்கின் சூட்டில் அறை வெந்துகொண்டிருந்தது. மேசை விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். மேலே தொங்கிய ஊசியின் முனையில் ஒரு நீர்த்துளி பருத்தது, கழுத்து மெலிந்தது, பிறகு அங்கே இல்லை. அது விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, கண்ணை ஒரு தடவை இமைப்பதற்குள் பல தடவை நடந்து முடிந்துவிடக்கூடிய காரியம் அது. அவர் எழுந்து, நெற்றியைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, கணினித் திரையில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார். துளி உருண்டையாக இறங்கி வந்தது. தட்டைத் தொட்டது. கல்லில் ஊற்றிய தோசை மாவைப் போல வட்டமாக விரிந்தது. விரிந்த வேகத்திலேயே சுருங்கி, தன்னைத்தானே அள்ளிச் சேர்த்துக்கொண்டு, எழும்பி, தட்டை விட்டுப் போய்விட்டது. தட்டில் ஈரம் இல்லை. "தொட்டுச்சு, ஆனா ஒட்டல. பாத்தீங்களா" என்றார். அந்தத் துளியைத் தானே பெற்று வளர்த்ததைப் போல ஒரு பெருமை அந்த முகத்தில். எனக்கும் அந்த நிமிடம் அப்படித்தான் இருந்தது.

கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'கேமரா'. கேமரா இன்றைக்கு லீவு, கேமராவிடம் சொல்லி வை, இப்படித்தான் பேச்சு. நான் கேமரா அண்ணா என்று கூப்பிட்டேன். இங்கே வருவதற்கு முன்னால் பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். ஓர் ஏஜென்சி மூலமாக ஒப்பந்த வேலைக்கு வந்து, நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் அந்த விலையுயர்ந்த கேமராவை யாரும் சொல்லித்தராமலே பழகிக்கொண்டவர். தாலி கட்டுகிற நொடியை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை, துளியையா விட்டுவிடப் போகிறேன் என்று சிரிப்பார். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் வீடு. அவருடைய அப்பா நகராட்சியில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா வீட்டு வாசலில் மேசை போட்டு, உடைந்த செல்போன்களைப் பிரித்து, அரிசியில் பாதி அளவு திருகாணிகளைக் கழற்றி மாட்டுவார். சந்தில் எல்லோரும் அந்தக் கையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், கூச்சத்தோடு. நான் வேறு ரகம். என் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தது. அப்பா மாநில அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் பாதித் தமிழ் பாதிக் கன்னடம். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச அவருக்கு நானும் எனக்கு அவரும்தான். எத்தனை தடவை சொல்லியும் 'மேடம்' என்பதை மட்டும் அவர் விடவே இல்லை.

நான் அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். என் வேலை அவருடைய வேலையின் நிழல். அவர் நிஜத் துளியைத் தட்டில் போட்டுப் படம் எடுப்பார், நான் அதே துளியைக் கணினிக்குள் போடுவேன். அந்தத் தட்டு வெறும் தட்டு இல்லை. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். துளி தூண்களின் தலைமேல் உட்கார்ந்தால், அடியில் சிக்கிய காற்று அதைத் தாங்கும், துளி துள்ளி ஓடிவிடும். தூண்களுக்கு நடுவே தண்ணீர் இறங்கிவிட்டால் தீர்ந்தது, ஒட்டிக்கொள்ளும். கார்களின் பின்பக்கக் கேமராக் கண்ணாடியில் மழை ஒட்டாமல் இருக்க இப்படி ஒரு பூச்சு வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. எத்தனை தூண், எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நான். வெளியிலிருந்து பார்த்தால் துளிக்கும் தட்டுக்கும் நடுவே நடக்கிற ஒரு விளையாட்டு. உள்ளே இருந்தவளுக்கு அது ஏழு வருடம்.

இந்த இடத்தில் எங்கள் கூடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ஒரு முழுத் துளியைக் கணினியில் விழவைத்து எழவைக்க எங்கள் இயந்திரத்துக்கு மூன்று வாரம் பிடிக்கும். அந்த இயந்திரத்துக்கு வெளியே எப்போதும் ஒரு வரிசை, ஆளாளுக்கு அளந்து கொடுத்த நேரம். அதனால் நாங்கள் யாருமே முழுத் துளியைப் போடுவதில்லை. ஆரஞ்சுப் பழத்தை நெட்டுக்கு இரண்டு வெட்டு வெட்டுவது போல வெட்டி, கால்வாசியை மட்டும் கணக்குப் போடுவோம். வெட்டிய இரண்டு பக்கத்திலும் கண்ணாடிச் சுவர் வைத்துவிட்டால் மீதி முக்கால்வாசி பிரதிபிம்பமாக வந்துவிடும். மூன்று வாரம் ஐந்து நாளாகிவிடும். இதில் தப்பு எதுவும் இல்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால், துளியின் நடுமையம் கச்சிதமான ஓர் இடத்தில் விழ வேண்டும். எனக்கு முன்பிருந்த சீனியர் ஒரு தூணின் தலைமேல் விழும்படி வைத்திருந்தார். அவருக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் வைத்திருந்தார். அந்தக் கோப்பு கைமாறி கைமாறி என்னிடம் வந்தது. ஏன் தூண்மேல், ஏன் இடைவெளிமேல் இல்லை என்று ஏழு வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என் துளிகள் எல்லாம், நூறு துளிகளும், ஒரே தூணின் தலையில் விழுந்தன. எல்லாம் துள்ளி ஓடின.

அண்ணாவின் துளிகள் அப்படி இல்லை. தூண்கள் அடர்த்தியாக இருந்த தட்டுகளில் எங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்போயிற்று. தூண்களைத் தள்ளித் தள்ளி வைத்த தட்டுகளில்தான் தகராறு. பத்துத் துளியில் ஏழு துள்ளும், மூன்று ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்று என் உயிரை எடுத்தன. தட்டைக் கழுவச் சொன்னேன், கழுவினார். தண்ணீரை மாற்றச் சொன்னேன், மாற்றினார். புதுத் தட்டு வரவழைத்தேன். மறுபடி மூன்று, சில நாள் நான்கு. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. துளியைத் தானாக விடுகிற கருவி பழுதாகி இரண்டு வருடமாகியிருந்தது, அவர் கையால்தான் திருகிக்கொண்டிருந்தார். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு முன், ஒட்டிய துளிகளை அழித்துவிடுங்கள், அவை கெட்ட துளிகள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லாத் துளியும் ஒரே எடத்துல விழாது மேடம். நான் என்னா பண்ணாலும் அங்க இங்க போயிதான் விழுது. எங்க விழுதுன்னு நீங்க ஒரு தபா பாருங்க." நான் பார்க்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழாவது வருடம் எனக்குக் கடைசி நீட்டிப்பு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. உதவித்தொகை நின்று வெகுநாளாகியிருந்தது. ஒரு கம்பெனியில் வேலை கொடுப்பதாகச் சொல்லிப் பட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் என்னை டாக்டர் என்று சொல்லத் தொடங்கி இரண்டு வருடம். தினமும் காலையில் கண் விழித்ததும் மீதி நாளை எண்ணுவேன். கடைசி மறு ஆய்வுக் கூட்டத்தில் நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள், என் வழிகாட்டியும் ஓர் ஓரத்தில். ஒருவர் என் வரைபடத்தில் விரலை வைத்து, உங்கள் கணக்கில் எல்லாம் துள்ளுகிறது, சோதனையில் மூன்று ஒட்டுகிறதே, ஏன் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு நான் முடிந்தேன். நாக்கு தானாகத் திரும்பியது. துளியைக் கையால் விடுகிறார்கள் சார், இயக்குகிறவருடைய கை அசைவதால் துளி அங்குமிங்கும் விழுகிறது, அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார் என்றேன். அவரே சொல்லியிருக்கிறார். அவர் எனக்குக் காட்ட வந்த வழியையே எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். நால்வரும் தலையை ஆட்டினார்கள். கேட்டவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பில், சோதனைகளில் கைப்பிழை இருப்பதால் தானியங்கிக் கருவி வாங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி அலுவலகத்துக்குப் போயிற்று. தானியங்கி வரும்போது ஆள் எதற்கு என்று அலுவலகம் கேட்டது. வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒப்பந்தத்தை அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. யாரும் அவர்மேல் கோபப்படவில்லை, யாரும் கெட்டவர்களும் இல்லை. போகிற நாளில் அவர் என் மேசைக்கு வந்து, ஒரு கருப்பு ஹார்ட் டிஸ்க்கை வைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கோப்பு அடுக்கு, ஒவ்வொரு துளிக்கும் தேதியும் எண்ணும். ஒட்டின துளிகளை அழிக்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்றார். பிறகு தன் வலது கையைத் தானே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கே தெரியல மேடம், கை ஆடுதுன்னு. உங்களுக்கு ரொம்ப பேஜாரு குடுத்துட்டேன்" என்றார். நான் அப்படியெல்லாம் இல்லை அண்ணா என்றேன். அவர் சொன்னதை மறுக்கிற மாதிரியும் இல்லாமல், ஒத்துக்கொள்கிற மாதிரியும் இல்லாமல், ஒரு பூசி மெழுகிய குரலில் சொன்னேன். அவர் போன பிறகு என் மேசையில் வேலை குவிந்து கிடந்தது.

சமர்ப்பிக்கப் பதினோரு நாள் இருந்தபோது ஒரு படத்துக்காக மெனக்கெட்டேன். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு ஓர் அழகான படம் வேண்டும், துளிக்கு அடியில் சிக்கிய காற்று பளிச்சென்று தெரிய வேண்டும். தூண் நடுவில் இருந்தால் அது மறைக்கிறது. அதனால் தூண்களை எல்லாம் பாதி இடைவெளித் தூரம் நகர்த்தி, இடைவெளி நடுவில் வரும்படி செய்தேன். மாற்றியது ஒரே ஓர் எண். படம் நன்றாக வந்தது. எண்ணைப் பழையபடி மாற்ற மறந்துபோனேன். அதே கோப்பை வைத்து, முன்பு பாதியில் பழுதாகிப்போன ஒரு கணக்கை மறுபடி ஓட விட்டேன். ஐந்து நாள் கழித்து ஒரு காலையில் முடிவைத் திறந்தேன். துளி விழுந்தது, விரிந்தது, சுருங்கியது. எழவில்லை. தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஒரு விரல் போல இறங்கி, பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றது. முதலில் நிரலில் பிழை என்று நினைத்தேன். அரை மணி நேரம் தேடினேன். அந்த எண்ணைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினேன்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். தகராறு செய்த தட்டுகளின் அடுக்குகளைத் திறந்தேன். அந்த மனிதர் ஒவ்வொரு தட்டையும் தூண் வரிசை கேமராவுக்கு நேராக நிற்கும்படி திருப்பி வைத்துத்தான் எடுத்திருந்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அதனால் துளியின் நடு எங்கே விழுகிறது என்பது தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. ஒட்டிய துளி இடைவெளியில் விழுந்திருந்தது. அடுத்ததும் இடைவெளி. அதற்கடுத்ததும். துள்ளியவை தூணில். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு தாளில் தூண், இடைவெளி, தூண் என்று குறித்துக்கொண்டே போனேன். மத்தியானம் வரை ஒன்றுகூட விதியை மீறவில்லை. கை ஆடவில்லை. எந்த மழைத்துளியும் எங்கள் கால்வாசித் துளி மாதிரி அளந்து பார்த்து ஒரு தூணின் தலையில் போய் விழாது. நிஜத்தில் துளி எப்படி விழுமோ அப்படி அவர் விழ விட்டிருந்தார். எங்கே விழுகிறது என்று பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். அந்த அறை முழுக்க ஒரே ஓர் ஆள்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தார், அவரைத்தான் அனுப்பினோம்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கு யார் கேட்டாலும் பத்து வழி சொல்வேன். அன்றைக்கு எனக்கு இரண்டுதான் தெரிந்தது. உண்மையை எழுதினால் மூன்று அத்தியாயத்தைத் தூக்கி எறிய வேண்டும், இன்னொரு வருடம் வேண்டும், அந்த வருடம் எனக்குக் கிடையாது. மறைத்தால் டாக்டர். மாடியேறி வழிகாட்டியின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் வா என்று கையைக் காட்டினார். நான் அப்புறம் போகவில்லை. கடைசி அத்தியாயத்தில், துளி விழும் இடத்தின் தாக்கத்தை வருங்காலத்தில் ஆராயலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் உலகத்தில் குற்றங்களைப் புதைக்கிற இடம் அந்தக் கடைசி அத்தியாயம்தான். இயக்கியவரின் கைப்பிழை என்ற வாக்கியம் நாலாம் அத்தியாயத்தில் அப்படியே இருந்தது. அதையாவது எடுத்திருக்கலாம். விரலை வைத்து அழிக்க எத்தனை நொடி. ஆனால் எடுத்தால், அப்படியானால் எது காரணம் என்று தேர்வாளர் கேட்பாரே என்ற பயம். அழிக்கும் விசைமேல் விரலை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் கோப்பை மூடினேன். ஆறாம் நாள் சமர்ப்பித்தேன். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஒளிப்படங்களுக்காக. அதை எழுதிவிட்டு என் மனம் சமாதானமாயிற்று என்பதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

இன்று நான் வேலை பார்க்கும் கம்பெனியில் துளிகளைத்தான் விழவைக்கிறேன். முழுத் துளிகள். ஒவ்வொரு தட்டுக்கும் இருபது, முப்பது இடங்களில், மனம் போன இடத்தில். நேரம் பிடிக்கிறது என்று முதலில் முணுமுணுத்த மேலாளர்கள் இப்போது என் பொறுமையைப் புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை ஓர் இளைஞன் கேட்டான். அனுபவம் என்றேன். அந்தப் பதிலுக்காக என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அண்ணாவைத் தேடிப்போக வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். ஸ்ரீராம்புரம் ஒன்றும் கண்காணாத சீமை இல்லை, என் வீட்டிலிருந்து மெட்ரோவில் அரை மணி. போகவில்லை. வருடங்கள் போயின.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அவரே போன் செய்தார். மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாளாம். வகுப்பில் பேச ஒரு தலைப்பு எடுக்கச் சொன்னார்களாம். அப்பா எடுத்த துளிப் படங்கள் ஒரு பெரிய புத்தகத்தில் இருக்கின்றன என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அதையே எடுத்திருக்கிறாள். என் ஆய்வேட்டை இணையத்தில் கண்டுபிடித்து இறக்கியும் விட்டாள். சில இடம் புரியவில்லை, ஒரு பத்து நிமிஷம் வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். போனிலேயே சொல்லித் தரலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வருகிறேன் என்றேன்.

மாடிமேல் மாடியாக அடுக்கிய வீட்டில் இரண்டாம் மாடி. வாசலில் செல்போன் மேசை இல்லை. அண்ணா நன்றாக நரைத்திருந்தார். இப்போது ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை, காலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போன் ரிப்பேர் இல்லையா என்று கேட்டேன். கூடத்தை விட்டு வந்ததிலிருந்தே அதைத் தொடவில்லை என்றார். கல்யாண வீடியோவுக்கு இரண்டு பேர் கூப்பிட்டார்களாம், அதற்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினாராம், நரம்பு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். "டாக்டரு ஒண்ணும் இல்லன்றாரு. ஆனா கெலசத்துல, செய்ற வேலையில, வந்த பேரு வந்ததுதானே மேடம். அடுத்தவங்க போன ஒடச்சிட்டா என்னா பண்றது" என்று சிரித்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். மகள் மடிக்கணினியில் என் நாலாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தாள். அமைதியான பெண், கண்ணைப் பார்த்துப் பேசினாள். இயக்கியவரின் கைப்பிழை என்று இருக்கிறதே, இயக்கியவர் என்றால் எங்கள் அப்பாவா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தாம்மா. அதுல என்னா இருக்குது. எழுதினது நெசம்தான். கை ஒரே எடத்துல நிக்காது எனக்கு." மகளுக்கு முன்னால் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைச் சொன்னார். அந்தக் குரலில் ஒரு துளி வருத்தம் இருந்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அது பொய் என்றேன். நான் எழுதினது பொய் அண்ணா என்று மறுபடி சொன்னேன். மகளின் நோட்டை வாங்கி, தூண்கள் வரைந்து, துளி வரைந்து, கால்வாசித் துளியின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தூண்மேல் விழுந்தால் என்ன, இடைவெளியில் விழுந்தால் என்ன, ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு படமும் எப்படி அவர் பக்கம் சாட்சி சொன்னது, எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அப்பாவின் சோதனைதான் சரி, கணக்குத்தான் தப்பு என்றாள். ஆமாம் என்றேன். அண்ணா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் வரைந்த இடைவெளியின் மேல் விரலை வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், நேரம் என்ன என்று கேட்பது போலக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு மேடம்?"

பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. வேலைக்குப் போன பிறகு தெரிந்தது, போன வருடம் தெரிந்தது, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். நான் சொல்வதை எல்லாம் நம்பித்தானே அவர் இந்த நிலைக்கு வந்தார். புத்தகம் கொடுக்க ஆறு நாள் முன்னால் என்றேன்.

அவர் மனைவி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மகள் மடிக்கணினியை மூடினாள். அண்ணா தலையை ஆட்டிக்கொண்டார், ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டது போல. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் தேவலை என்றும் இருந்தது. அவர் ஏசவில்லை.

"புக்குல நீங்க என்னா வேணா எழுதிக்கினு போங்க மேடம். உங்களுக்கும் கஷ்டம் இருந்திருக்கும். எனக்கு மட்டும் ஒரு போன் பண்ணி, அண்ணா, உங்க கைல ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். அவர் நம்பர் அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை. என் போனில்தான் இருந்தது.